பிரெடெரிக்கா, ஜோசப்பா: இசைக்கு எந்த அரசவை?

பகுத்தறிவையும் சீர்திருத்தத்தையும் முன்னிறுத்திய அறிவொளிக் கருத்துகளை ஏற்ற மன்னர்கள் இருவர். ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் இரண்டாம் பிரெடெரிக் 1740இல் பட்டமேறியதும் சித்திரவதை விசாரணையைப் பெருமளவு ஒழித்தார். 1742இல் பெர்லினில் ஓபரா (இசை நாடகம்) அரங்கைத் திறந்தார். ஆனால் அங்கே அவர் ரசனையே சட்டம். அவருக்குப் புல்லாங்குழல் கற்பித்த குவான்ட்ஸுக்கு ஆண்டுக்கு 2000 தாலர் (அக்கால வெள்ளி நாணயம்) சம்பளம். பக்கவாத்தியமாக ஹார்ப்சிகார்ட் என்ற விசைப்பலகை வாத்தியம் வாசித்த கார்ல் பிலிப் இமானுவேல் பாகுக்குத் தொடக்கத்தில் வெறும் 300. புதுமைக்கு அங்கே இடம் குறைவு.

ஆஸ்திரியாவின் இரண்டாம் ஜோசப் 1781இல் சமயச் சகிப்பு ஆணையும் பண்ணையடிமை ஒழிப்பு ஆணையும் பிறப்பித்தார். ஜெர்மன் மொழியிலேயே பாடும் நாடகத்துக்கு 1778இல் வியன்னாவில் மேடை அமைத்தார். 1782இல் இசையமைப்பாளர் மோட்சார்ட்டின் ஓபரா அந்த மேடையில்தான் வெற்றி கண்டது. பிரபுவை வேலைக்காரன் மடக்கும் ‘ஃபிகரோ’வை நாடகமாக நடிக்கத் தடை விதித்தவர், 1786இல் அதையே மோட்சார்ட்டின் ஓபராவாக அனுமதித்தார். ரசிகர்கள் ‘மறுபடியும்’ கேட்டுக் காட்சியை நீட்டியதால், தனிப்பாடல் தவிர வேறெதையும் திரும்பப் பாடக் கூடாதென்று ஆணையும் போட்டார். அதே மனிதர் தேவாலயங்களில் வாத்தியக் குழு இசையையும் குறைத்தார்; கலைஞர்கள் பலரின் பிழைப்பு கெட்டது.

அப்படியும், புதிதாக எழுத நினைத்த இசைஞருக்கு வியன்னாவே சரியான இடம்.