கூரைக்குள் ஏறிப் பார்த்த ஒரே ஆள்

சித்தப்பா போனில் சொன்னது ஒரு வரிதான்: "மகன், நடு வீட்டு முகடு கூனிப்போச்சு, வந்து ஒருக்காப் பார்." நல்லூர்த் திருவிழாவுக்கு எப்படியும் போவதாக இருந்தோம். ஓகஸ்டில் மூன்று வாரம், அதில் ஒரு வாரம் கூரையோடு போய்விட்டது.

வீடு யாழ்ப்பாணத்தில், சுன்னாகத்துக்குக் கிட்ட. பாட்டனார் கட்டிய நாற்சார் வீடு. பனங் கைமரம், பனஞ் சிலாகை, மேலே கள்ளிக்கோட்டை ஓடு. போர் நடந்த 1995 ஒக்ரோபரில், ஊரே இடம்பெயர்ந்தபோது பூட்டிவிட்டுப் போய், அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வடகிழக்கு மூலையில் ஷெல் விழுந்து கூரை திறந்து கிடந்தது. அந்த நேரம் கிடைத்த மரத்தை வைத்து, அந்த மூலைக்கு மட்டும் அஸ்பெஸ்ரஸ் சீற் போட்டார்கள்.

முதலில் ஒரு கொந்திராத்துக்காரர் வந்தார். முற்றத்தில் நின்றபடி போனில் வீடியோ எடுத்தார். "அண்ணை, முழுக்க இறக்கவேணும். இரும்பு அடிச்சு, தகரச் சீற் போட்டா உங்கட காலத்துக்குப் பிரச்சினை இல்லை." கால் மணி நேரம்தான். ஏணி கேட்கவில்லை. இறக்கும் மரத்தையும் ஓட்டையும் தானே கொண்டுபோவதாகச் சொன்னார், அது எங்களுக்கு உதவியாம். இரண்டாமவர் வீட்டுக்குள் வரவே இல்லை. வாட்ஸ்அப்பில் மதிப்பீடு அனுப்பினார். அவரும் முழுக்க இறக்கத்தான் சொன்னார்.

யோசித்தால் அவர்களிலும் பிழையில்லை. ரொறன்ரோவில் வீடு வாங்கியபோது பரிசோதகருக்குத் தனியாகக் காசு கொடுத்தோம். அலுமாரிக்கு மேலிருந்த மூடியைத் தள்ளி அட்டிக்குக்குள் ஏறினார். கூரை நல்லதோ பழுதோ, அவருக்கு அதே காசு. ஊரில் பார்க்கிறதுக்குக் காசில்லை, வேலைக்குத்தான் காசு. அப்போ பார்க்க வருகிறவர் வேறு என்ன சொல்வார்?

சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒரு வயதான ஆசாரியாரிடம் போனேன். "ஐயா, வேலை தருவனோ தெரியாது. ரெண்டு நாள் கூலி தாறன், ஏறிப் பாத்து உள்ளதைச் சொல்லுங்கோ."

"பாக்கிறதுக்குக் கூலியோ?" என்று சிரித்தார். ஆனால் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார்.

முதலில் யன்னல் எல்லாம் சாத்தச் சொன்னார். இருட்டில் அண்ணாந்து பார்த்து, வெளிச்சம் ஊசியாக இறங்கும் இடமெல்லாம் நிலத்தில் சோக்கால் குறித்தார். ஓகஸ்டில் மழை இல்லாததால் ஒழுக்கு தெரியாது. வெயிலைத்தான் கேட்கவேணும் என்றார். பிறகு உதவிக்கு வந்த பொடியன் ஏறிப் பத்துப் பன்னிரண்டு ஓட்டைக் கழற்றினான். ஒன்றின் அடிப்பக்கத்தில் பாசல் மிஷன் முத்திரையும் 1865 என்ற எண்ணும். வீடு 1865இல் கட்டியது என்று சித்தப்பா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததன் மூலம் அதுதான். அது அந்த மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. சொன்னேன், ஏற்கவில்லை.

மச்சுக்குள் நானும் ஏறினேன். றங்குப்பெட்டி ஒன்று, கிழிந்த கடகங்கள், ஒரு முழுப் பாம்புச் செட்டை. ஆசாரியார் சுத்தியல் பிடியால் ஒவ்வொரு கைமரத்தையும் அடி, நடு, நுனி என்று தட்டிக்கொண்டு போனார். நல்ல மரம் 'டிங்' என்றது. வடகிழக்கு மூலையில் சத்தம் மாறியது, பூசணிக்காயைத் தட்டுவதுபோல. உளியால் ஒரு குத்துக் குத்தினார், பிடிவரை போய்விட்டது. வெளியே அந்த மரம் கறுப்பாக மினுங்கிக்கொண்டுதான் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் புறக்காழ், அகக்காழ் என்று பாடமாக்கியது அன்றுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. காழ் என்றால் வைரம், மரத்தின் கெட்டியான பகுதி. பனைக்கு அது வெளிப்பக்கம், உள்ளே மெதுவான சோற்றி. பாட்டனார் காலத்துத் தச்சர்கள் சோற்றியைச் செதுக்கி எறிந்துவிட்டு வைரத்தை மட்டும் ஏற்றியிருந்தார்கள். ஷெல் விழுந்த மூலைக்கு அவசரத்தில் போட்ட மரத்தில் சோற்றி அப்படியே இருந்தது. கறையான் அதைத் தின்று, கோதை மட்டும் விட்டிருந்தது. பழைய மரம் நிற்கிறது, புதுசுதான் போய்விட்டது.

சரி, கூனல்? முகட்டு வளைக்கு நூல் பிடித்தார்கள். நடுவில் இரண்டு விரல் இறக்கம். ஆசாரியார் அந்த இடத்தில் விரலால் தடவிவிட்டு என்னைத் தடவச் சொன்னார். வளையின் மேல் வரிசையாகக் கம்பி வெட்டிய தடங்கள்.

"விதை வெங்காயம் கட்டினவையோ?"

கட்டியவர்கள்தான். சின்ன வயதில் பிடி பிடியாகத் தொங்கிய வெங்காயத்துக்குக் கீழேதான் படுப்போம். வருசா வருசம் அந்தப் பாரம். பிறகு சுவர்த் தலைப்பில் இருந்த வெடிப்பைக் காட்டினார்; அதற்குள் பழைய சுண்ணாம்பு இறங்கிக் காய்ந்து, எங்கும் பிளக்காமல் இருந்தது. "தம்பி, இது கூனி முடிஞ்ச கூனல். இனி அசையாது."

கடைசிக் கணக்கு: மாற்றவேண்டிய கைமரம் ஏழு. ஐந்து சீற் போட்ட மூலையில், இரண்டு அதை ஒட்டி, ஓடும் சீற்றும் சந்திக்கும் இடத்தில். சீற்றை நனைத்து, உடைக்காமல் இறக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அந்தத் தூசி சுவாசப்பைக்குக் கூடாது. கறையானுக்கென்று மரத்துக்குக் கழிவு எண்ணெய் பூசுவதில் எனக்கு விருப்பமில்லை, மணமும் நெருப்புப் பயமும். ஆசாரியார் கேட்கவில்லை, பூசியே ஆகவேணுமாம். விட்டுவிட்டேன்.

வேலை மழைக்கு முன் முடிந்தது. நவம்பரில் சித்தப்பா போன் எடுத்தார். வடகிழக்கு மூலை சொட்டுக்கூட இல்லையாம். தென்மேற்கில், பொடியன் கழற்றிப் பூட்டிய ஓடு ஒன்று சரியாகக் கொளுவவில்லை. சாமியறைக்குள் வாளி வைத்திருக்கிறார்.