சியில் பூஜ்ய பைட் கேட்பது: ஒரு சின்ன உறை ஃபங்ஷனுடன் பல ஆண்டுப் பழக்கம்

சி நிரலில் நினைவக இடம் கேட்டு வாங்கும் ஃபங்ஷனான மேலாக்கிடம் (malloc) பூஜ்யம் கேட்டால் என்ன வரும் என்பதை சி தரநிலை உறுதியாகச் சொல்வதில்லை. எந்த இடத்தையும் குறிக்காத வெற்றுச் சுட்டி (null pointer) வரலாம். அல்லது, படிக்கவோ எழுதவோ கூடாத, ஆனால் இடத்தை விடுவிக்கும் ஃப்ரீயிடம் (free) திருப்பிக் கொடுக்கக்கூடிய ஒரு முகவரி வரலாம். லினக்ஸிலேயே இருப்பவர்களுக்கு இது உறைப்பதே இல்லை. அங்கே வழக்கமான சி நூலகமான ஜிலிப்சி (glibc) முகவரிதான் தரும். அதே நிரலை ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் (AIX) இயங்குதளத்தில் வழக்கமான அமைப்பில் ஓட்டினால் வெற்றுச் சுட்டி வரும். காலிக் கோப்பு ஒன்றைத் திறந்த நிரல், அதன் அளவான பூஜ்யத்தைக் கேட்டு, வந்த வெற்றுச் சுட்டியைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு ‘நினைவகம் போதவில்லை’ என்று நின்றுவிடும். கணினியில் நினைவகம் கொட்டிக் கிடக்கும்.

நான் எல்லாத் திட்டங்களிலும் வைத்திருப்பது சின்ன உறை ஃபங்ஷன் ஒன்று. அளவு பூஜ்யமானால் 1 ஆக்கி மேலாக்கை அழைக்கும், அவ்வளவுதான். அதன்பின் வெற்றுச் சுட்டிக்கு ஒரே பொருள்: இடம் கிடைக்கவில்லை. ஒரு பைட் வீண் என்பவர்களுக்கு: 64 பிட் ஜிலிப்சியில் மிகச் சிறிய துண்டே 32 பைட். பூஜ்யம் கேட்டாலும் அவ்வளவு போகத்தான் செய்கிறது.

உண்மையான தலைவலி, வாங்கிய இடத்தின் அளவை மாற்றும் ரீஅலாக் (realloc). பட்டியலின் கடைசி உருப்படியும் நீங்கி நீளம் பூஜ்யமாகிறது. நிரல் ரீஅலாக்கிடம் பூஜ்யம் கேட்கிறது. ஜிலிப்சி பழைய இடத்தை விடுவித்துவிட்டு வெற்றுச் சுட்டி தருகிறது. மசல் (musl) என்ற மற்றொரு சி நூலகமோ முகவரி ஒன்றைத் தருகிறது. இப்போது, பாடத்தில் படித்தபடி எழுதப்பட்ட பிழைக் கையாளலைப் பாருங்கள்: வெற்றுச் சுட்டி வந்தால் தோல்வி, பழைய முகவரி இன்னும் நம் பொறுப்பு, ஆகவே ஃப்ரீ. ஜிலிப்சியில் ஒரே இடம் இருமுறை விடுவிக்கப்படுகிறது. வரிவரியாகப் படித்தாலும் தவறு கண்ணில் படாது. சி தரநிலையின் 1989 பதிப்பான சி89, ரீஅலாக்கிடம் பூஜ்யம் கேட்பதை விடுவிப்பு என்றது. சி17 கைவிடப்படவிருக்கும் அம்சமாகக் குறித்தது. சி23 வரையறுக்கப்படாத நடத்தை, அதாவது எதுவும் நடக்கலாம், என்றே சொல்லிவிட்டது. ஃப்ரீ இருக்கும்போது அந்த வேலைக்கு ரீஅலாக்கை ஏவுவது எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை. என் உறை இங்கும் பூஜ்யத்தை 1 ஆக்கிவிடுகிறது.

இதில் குறையும் உண்டு. ஓபன்பிஎஸ்டி (OpenBSD) இயங்குதளத்தில் பூஜ்யம் கேட்டால் தொட்டவுடன் நிரலை வீழ்த்தும், பாதுகாக்கப்பட்ட முகவரி வரும். பிழை பிடிக்க அருமையான ஏற்பாடு. உறை அதை மழுங்கடிக்கிறது. அங்கே சோதனை ஓட்டங்களுக்கு மட்டும் உறையை விலக்கிவிடுகிறேன்.

இதைவிடப் பெரிய ஆபத்து பெருக்கலில் இருக்கிறது. 32 பிட் கணினியில் 65536 உருப்படிகள், ஒவ்வொன்றும் 65536 பைட் என்று ஒரு கோப்பின் தலைப்பு சொல்கிறது என்று வையுங்கள். பெருக்கினால் 32 பிட்டுக்குள் அடங்காமல் மிச்சம் பூஜ்யம். வெற்றுச் சுட்டி தரும் நூலகமாவது அங்கே தற்செயலாகக் காப்பாற்றியிருக்கும். என் உறை புன்னகையுடன் 1 பைட்டை நீட்டும், நிரல் அதன்மேல் எழுதிக்கொண்டே போகும். அதனால் உறைக்குள் பெருக்கிய தொகையை அனுப்புவதில்லை. உறையே எண்ணிக்கை, அளவு என இரண்டையும் தனித்தனியாக வாங்கி, அடங்குமா என்று வகுத்துப் பார்த்த பிறகே பெருக்குகிறது. அடங்காவிட்டால் வெற்றுச் சுட்டி. பூஜ்யத்தை 1 ஆக்கும் வரி அந்தச் சோதனைக்குக் கீழேதான் நிற்கிறது.