மெழுகுக் கட்டியா, உயிருள்ள திசுவா? அக்காவுக்காக நாங்கள் எடுத்த முடிவு

அக்காவுக்கு 57 வயது. மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குப் பின் வந்த அறிக்கையில் ஹோர்மோன் ஏற்பி உண்டு (ஹோர்மோன் தூண்டி வளரும் வகை), ஹெர்2 என்ற புரதம் மிகையாக இல்லை, நிணநீர் முடிச்சுகளில் பரவவில்லை என்றிருந்தது. கீமோ வேண்டுமா என்று வெள்ளவத்தை வீட்டில் இரவிரவாகப் பேசினோம்.

கீமோவால் பயன் இருக்குமா என்று முன்கூட்டியே கணிக்க இரண்டு வழிகளை விசாரித்தோம். ஒன்று ஒன்கோடைப் டிஎக்ஸ்: கட்டியிலுள்ள 21 மரபணுக்களின் செயற்பாட்டை அளந்து 0 முதல் 100 வரை புள்ளி தருவது; புள்ளி கூடினால் நோய் திரும்பும் அபாயமும் கூடும். மற்றது, கட்டியின் உயிரணுக்களை ஆய்வுகூடத்தில் ஆர்கனாய்டாக, அதாவது கட்டியை ஒத்த மிகச்சிறு திசு உருண்டைகளாக வளர்த்து, மருந்தை அதிலேயே செலுத்திப் பார்ப்பது.

கேட்டவுடன் மனம் இரண்டாவதின் பக்கம்தான் சாயும். பரவிய குடல், இரைப்பைப் புற்றுநோய்களில் நடந்து 2018இல் வெளியான ஆய்வொன்றில், ஆர்கனாய்டில் பலிக்காத மருந்து அந்த நோயாளியிடமும் பலிக்கவில்லை. ஆனால் அது சிறிய ஆய்வு.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது திசுதான். ஆர்கனாய்டுக்கு உயிரோடு இருக்கும் திசு வேண்டும். சத்திரசிகிச்சைக்கு முன்பே ஏற்பாடு செய்து, வெட்டியெடுத்ததும் குளிர்ந்த ஊடகத்தில் இட்டு விரைவாக ஆய்வுகூடத்தில் சேர்க்க வேண்டும். வளரப் பல வாரங்கள் பிடிக்கும். எல்லாக் கட்டிகளும் வளர்ந்துவிடுவதில்லை. அக்காவின் திசுவோ எப்போதோ போமலினுக்குள் (உயிரணுக்களைக் கொன்று திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போய், மெழுகில் பதிக்கப்பட்டுவிட்டது. ஒன்கோடைப்புக்கு அந்தத் திசுவே போதும். ஆய்வுகூடத்தில் கையொப்பமிட்டு வாங்கினேன்: பெருவிரல் அளவு பிளாஸ்டிக் கூடு, வெள்ளை மெழுகு, நடுவே மங்கலான ஒரு துண்டு. சித்திரை வெயிலில் மெழுகு இளகிவிடுமோ என்று பயந்து, குளிர்பொதியோடு கூரியரில் அமெரிக்காவுக்கு அனுப்பினோம்.

புள்ளி 16 என்று வந்தது. பத்தாயிரத்துக்கும் அதிகமான பெண்கள் சேர்ந்த டெய்லர்எக்ஸ் ஆய்வின்படி, அக்காவைப் போன்ற நோய்நிலையில் 50 வயதைத் தாண்டியவர்களுக்குப் புள்ளி 11 முதல் 25 வரை இருந்தால், ஹோர்மோனைத் தடுக்கும் மாத்திரையோடு கீமோவும் சேர்ப்பதால் மேலதிகப் பயனில்லை. அக்கா மாத்திரையோடு நின்றுவிட்டார். 50 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 16இலிருந்தே கீமோவால் ஓரளவு பயன் தெரிந்தது. அக்கா இளையவராக இருந்திருந்தால் எங்கள் முடிவும் மாறியிருக்கலாம்.

செலவு பெரிது, அம்மாவின் காப்புகள் போயின. ஆனாலும் தேவையில்லாத கீமோவிலிருந்து அக்கா தப்பியதை நினைத்தால், மறுபடியும் இதையே செய்வேன்.

என் அனுபவம் இந்த ஒரு நோயாளியோடு சரி. எந்த மருந்து பலிக்கும் என்று இந்தப் புள்ளி பிரித்துச் சொல்லாது. இது குடல், கருப்பைப் புற்றுநோய்களுக்கான பரிசோதனையும் அல்ல. அந்த நோயாளிகளில் யாராவது ஆர்கனாய்டை யோசித்தால், சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதே வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள். போமலினில் போட்ட பிறகு அதற்கு வழியில்லை.