ரூ.14,500-ம் போச்சு, பழைய கிராஃபிக்ஸ் கார்டும் போச்சு

கோவம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். போன்லதான் டைப் பண்றேன், ஏன்னா கம்ப்யூட்டர் இப்ப வெறும் டப்பா.

என்னோடது ஐ5 10400எஃப் பிராசஸர், 16 ஜிபி டிடிஆர்4 ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு. இப்பவே அப்கிரேடு பண்றதா, இன்னும் ஒரு வருசம் ஓட்டுறதான்னு மூணு மாசமா மண்டைக்குள்ள பட்டிமன்றம். புதுத் தலைமுறை பிராசஸருக்குப் போனா மதர்போர்டும் மாத்தணும், புது போர்டுன்னா பெரும்பாலும் டிடிஆர்5 ரேம். இன்னைக்கு ரேம் விக்கிற விலைக்கு அது ஆகாது. கார்டை மட்டும் மாத்துவோம்னு போன வாரம் உசிலம்பட்டியில பஸ் ஏறி மதுரை ஆரப்பாளையத்துல இறங்கினேன். டவுனுக்குள்ள, மாடியில, பழைய பார்ட்ஸ் வாங்கி விக்கிற கடை. இதுக்கு மேல அடையாளம் வேணாம்.

கடைக்காரர் டீ வாங்கிக் குடுத்தார். "உசிலம்பட்டியா? நம்ம பக்கம்தானா!"ன்னார். ரேம் விலை கேட்டேன். "இப்ப வாங்காதீங்க தம்பி. ஏஐ டேட்டா சென்டருக்காரன் மொத்தத்தையும் அள்ளிட்டுப் போறான். இருக்கிறதை வச்சு ஓட்டுங்க."

நான் விழுந்தது அங்கதான். விக்கிறவரே வேணாம்னு சொன்னா யாருக்குத்தான் நம்பிக்கை வராது? அவர் சொன்னது உண்மையும்கூட. அந்த உண்மை மேலேயே அடுத்ததை ஏத்தினார்: "கார்டு விலையும் ஏறப்போகுது, இதை மட்டும் இன்னைக்கே எடுத்துக்கங்க." ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. காலேஜ் பையன் ஆறு மாசம் ஓட்டினதாம். மைனிங்ல, அதான் கிரிப்டோ காசு எடுக்க ராப்பகலா ஓட்டுவாங்களே, அதுல ஓடினதாண்ணேன்னு கேட்கத்தான் செஞ்சேன். "மைனிங் லாக்கோட வந்த மாடல் தம்பி, இதுல எவன் மைனிங் பண்ணுவான்?" மைனிங் வேகத்தைக் குறைக்கிற லாக் இருந்தது நெசம். 2021 மார்ச்சுல கார்டோட சிப் பண்ற என்விடியா கம்பெனியே கவனமில்லாம விட்ட ஒரு டிரைவர் சாஃப்ட்வேர் அந்த லாக்கைத் தொறந்து விட்டுருச்சுங்கிறது எனக்கு நேத்துதான் தெரியும்.

அஞ்சு நிமிசம் கேம் ஓட்டிக் காட்டினார். என் 1660 சூப்பரை எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துக்கிட்டு மேல ரூ.14,500. கடை க்யூஆர் வேலை செய்யலைன்னு வேற ஒரு நம்பருக்கு ஜிபே போடச் சொன்னார். போட்டேன். கேனப்பய.

வீட்டுல சரியா இருபதாவது நிமிசம் ஸ்கிரீன் கருப்பாச்சு, ஃபேன் ஊளையிடுது. தினம் இதேதான். தெரிஞ்ச பையன் கழட்டிப் பார்த்தான்: சூட்டைக் கடத்துற தெர்மல் பேடெல்லாம் எண்ணெய் வடியுது, ஸ்க்ரூ தலையெல்லாம் தேஞ்சிருக்கு, டப்பாவுல உள்ள சீரியல் நம்பர் வேற, கார்டுல உள்ளது வேற. மைனிங்ல வெந்த கார்டுன்னு சத்தியம் பண்ண முடியாது. ஆறு மாசக் கார்டு இல்லைன்னு பண்ணுவேன்.

போன் பண்ணினேன். "உங்க எஸ்எம்பிஎஸ் வீக்கு." கம்ப்யூட்டருக்குக் கரண்ட் குடுக்கிற பெட்டியைச் சொல்றார். 650 வாட் அண்ணே, இந்தக் கார்டுக்கு 550 போதும்னு கம்பெனியே சொல்றான். "அப்ப உங்க ஊர் வோல்டேஜா இருக்கும்." நம்ம பக்கம்னு சொன்ன வாய்தான் அது! மறுநாள், சர்வீஸ் பையன் கல்யாணத்துக்குப் போயிருக்கான். அதுக்கு மறுநாள் நேர்லயே போனேன். டெஸ்டிங் வாரண்டி மூணு நாள்தானாம், முடிஞ்சிருச்சாம். சரி, ரூ.14,500-ஐக் கூட விடுங்க, என் பழைய கார்டையாவது குடுங்கண்ணேன்னு கெஞ்சினேன். "அது அன்னைக்கு சாயங்காலமே போயிருச்சு தம்பி. நல்ல கார்டுல்ல."

10400எஃப்-ல உள்கிராஃபிக்ஸ் கிடையாது. அந்த எஃப்-க்கு அர்த்தமே அதுதான். கார்டு செத்தா மானிட்டர்ல படமே வராது. முந்தாநாள்ல இருந்து இது ஸ்டார்ட்டே ஆகல.

என்னென்ன பார்த்து வாங்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், முடியல. டப்பா சீரியலையும் கார்டு சீரியலையும் ஒத்துப் பாருங்க. அரை மணி நேரமாவது ஓடவிட்டு ஹாட்ஸ்பாட், அதாவது சிப்புல ரொம்பச் சூடாகுற இடம், எவ்வளவு சூடாகுதுன்னு பாருங்க. புதுசு ஒரு நாள் ஒழுங்கா ஓடுற வரைக்கும் பழைய கார்டைக் கையை விட்டுக் குடுக்காதீங்க. தனி நம்பருக்குப் பணம் போடாதீங்க. ஜிஎஸ்டி பில் கேளுங்க.

நாளைக்கு நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணணும். அஞ்சு லட்சம் வரைக்கும் நுகர்வோர் ஆணையத்துல கட்டணம் இல்லையாம். பில் கேப்பாங்க. என்கிட்ட இருக்கிறது "எஸ்டிமேட்"னு தலைப்பு போட்ட துண்டுச் சீட்டு, அதுல கடைப் பேரே இல்ல.