பாக்கெட் தீனியா, சட்டிச் சோறா, பச்சைக் கறியா: நாய்க்கு எந்த ‘இயற்கை’ உணவு?

10 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, வளர்ந்த நாய் ஒன்றை வைத்துக் கணக்குப் போடுவோம். அதற்கு ஒரு நாளைக்குச் சுமார் 630 கிலோகலோரி வேண்டும். ‘நேச்சுரல்’, ‘ஆர்கானிக்’ என்று அச்சிட்ட உலர் தீனியாகவும் கொடுக்கலாம், வீட்டில் வேகவைத்த கறியும் சோறுமாகவும் கொடுக்கலாம், பச்சை இறைச்சியாகவும் கொடுக்கலாம். மூன்றும் சறுக்கும் இடம் வேறு வேறு.

பாக்கெட் தீனி

அமெரிக்க விதிப்படி ஒரு பையில் ‘ஆர்கானிக்’ என்று போட, தண்ணீரும் உப்பும் நீங்கலாக 95 சதவீதப் பொருள்களாவது சான்று பெற்ற இயற்கை விளைச்சலாக இருக்க வேண்டும். ‘நேச்சுரல்’ அவ்வளவு கறார் இல்லை. செயற்கை நிறமி, பதப்படுத்தி போன்றவை கூடாது, அவ்வளவுதான். வைட்டமினுக்கும் தாதுக்களுக்கும் விலக்கு உண்டு. நம் ஊர் ‘ஜெய்விக் பாரத்’ முத்திரை மனித உணவுக்கானது. அரிசி, கேழ்வரகு வாங்கும்போது பாருங்கள், நாய்த் தீனிப் பையில் தேடாதீர்கள்.

பொருள் எப்படி விளைந்தது என்பதோடு இந்த முத்திரைகளின் வேலை முடிந்தது. நாய்க்கு அது போதுமா என்று சொல்வது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு’ என்ற வரியும், அது குட்டிக்கா பெரிய நாய்க்கா என்ற குறிப்பும்தான். அந்த வரி இல்லையென்றால், எத்தனை இலைப் படம் போட்டிருந்தாலும் அது தின்பண்டம்.

பொருள் பட்டியலில் ‘ஜிங்க் சல்ஃபேட்’ என்று பார்த்ததும் ‘கெமிக்கல்’ என்று பையைத் திருப்பி வைப்பவர்கள் உண்டு. உண்மையில் அந்தத் துத்தநாகம்தான் தோலையும் முடியையும் காக்கிறது. சந்தேகப்பட வேண்டியது முதல் வரியை. பட்டியல் எடைவரிசையில் இருக்கும்; ‘ஃப்ரெஷ் சிக்கன்’ முதலில் நின்றாலும் அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். காய்ந்தபின் அதற்கு அடுத்து நிற்கும் அரிசியோ பட்டாணியோதான் உண்மையில் முதலிடம். ‘பட்டாணி, பட்டாணிப் புரதம், பட்டாணி நார்’ என்று ஒரே பொருளை மூன்றாக உடைத்து எழுதுவதும் அதே வித்தைதான். தானியம் இல்லாத, பட்டாணியும் பருப்பும் மிகுந்த தீனிகளுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று 2018 முதல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஆராய்ந்தது, காரணம் உறுதியாகவில்லை. ஆனாலும் தானிய ஒவ்வாமை என்று மருத்துவர் சொல்லாத நாய்க்கு ‘கிரெய்ன் ஃப்ரீ’ வாங்கக் காரணமே இல்லை.

இரண்டு பைகளை ஒப்பிடும்போது ஈரத்தைக் கழியுங்கள். உலர் தீனியில் புரதம் 24, ஈரம் 10 சதவீதம் என்றால் 24-ஐ 90-ஆல் வகுக்க, சுமார் 27 சதவீதம். டின் உணவில் புரதம் 8, ஈரம் 80 என்றால் 8-ஐ 20-ஆல் வகுக்க, 40. முதல் பார்வைக்கு ஏழையாகத் தெரிந்த டின்தான் பணக்காரன்.

100 கிராமுக்கு 350 கிலோகலோரி உள்ள தீனியானால் நம் நாய்க்கு ஒரு நாளைக்கு 180 கிராம். கிண்ணக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுங்கள். இயற்கைப் பதப்படுத்தியான டோகோஃபெரால் சேர்த்த தீனி, செயற்கைப் பதப்படுத்தியான பிஎச்ஏ சேர்த்ததைவிடச் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். நம் சித்திரை வெயிலில் இன்னும் சீக்கிரம். அதனால் பெரிய மூட்டை லாபம் என்று வாங்காமல், ஒரு மாதத்தில் தீரும் பையாக வாங்கி, அதே பையோடு டப்பாவில் வையுங்கள்.

சட்டிச் சோறு

என்ன போகிறது என்பது நம் கண்முன்னே தெரிவது இதில்தான். ஓட்டை விழுவதும் இதில்தான் அதிகம். டேவிஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளில் 95 சதவீதத்தில் அவசியமான சத்து ஒன்றாவது குறைந்திருந்தது.

நம் நாய்க்கு ஒரு நாள் அளவு: எலும்பும் தோலும் நீக்கி வேகவைத்த கோழித் தொடைக்கறி 200 கிராம், சோறு 130 கிராம், வெந்த பூசணியும் கேரட்டும் 80 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன். கலோரி சரியாக வந்துவிடும். ஆனால் கறியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பத்து மடங்குக்கும் மேல். இப்படியே மாதக்கணக்கில் போனால் உடம்பு எலும்பைக் கரைத்துக் கால்சியம் எடுக்கும். குட்டியானால் கால் வளையும். முட்டை ஓட்டைக் கொதிக்கவைத்து, உலர்த்தி, மிக்ஸியில் மாவாக அரைத்து 2 கிராம் சேர்த்தால் ஏறக்குறைய 750 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும். நறநறவென்றிருந்தால் மறுபடி அரையுங்கள்.

துத்தநாகம், தாமிரம், அயோடின், வைட்டமின் டி, ஈ ஆகியவற்றுக்கு முட்டை ஓடு உதவாது. வீட்டுச் சமையலுக்கென்றே தயாரித்த நாய் வைட்டமின்-தாதுத் தூள் வேண்டும். அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். மனிதர்களின் மாத்திரை கூடாது, சிலவற்றில் நாய்க்கு நஞ்சான ஸைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும். வளரும் குட்டிக்கு இந்த வழியை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம், அதிலும் பெரிய இனக் குட்டிக்கு: கால்சியம் கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல்.

மிஞ்சின குழம்புச் சோறு இந்தக் கணக்கிலேயே சேராது. கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்; வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. தயிர்சோறு தினப்படி உணவானால் புரதம் போதாது.

பச்சைக் கறி

‘ஓநாய் சமைத்தா தின்கிறது?’ என்ற வாதத்தோடு விற்கப்படுவது. பச்சைக் கறியில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா, லிஸ்டீரியா என்ற கிருமிகள் இரண்டும் ஃப்ரீசரில் சாகாது. நாய் நோயின்றித் திரியும், ஆனால் மலத்தில் கிருமியைப் பரப்பும். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-இலேயே வேண்டாம் என்றது. கைக்குழந்தையோ முதியவரோ இருக்கும் வீட்டில் பேச்சுக்கே இடமில்லை. கறி ஆர்கானிக் என்பதால் கிருமி குறைந்துவிடாது.

எதற்கு மாறினாலும் ஏழு நாள் எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் இரண்டு நாள் புதியது கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு இரண்டு நாள் முக்கால், ஏழாம் நாள் முழுதும். மலம் இளகினால் முந்தைய படிக்கே திரும்பி, இரண்டு நாள் அங்கேயே நில்லுங்கள். இரத்தம் தெரிந்தாலோ வாந்தி நிற்காவிட்டாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.