ஸ்க்ராட்ச்சுக்கு அப்புறம் என்ன? ஒரே ஆட்டம், ஆறு கருவிகள்

பிளாக் எனும் கட்டங்களை ஒட்டி நிரல் செய்யும் ஸ்க்ராட்ச்சில் ஒன்றிரண்டு வருடம் ஊறிய பிள்ளை "அடுத்து என்ன கத்துக்கலாம்?" என்று கேட்டால், யோசிக்காமல் வருகிற பதில், எழுத்தாக டைப் செய்து நிரல் எழுதும் பைதான் மொழி. நானும் அதைத்தான் சொன்னேன். அக்கா மகள் நாலே நாளில் லேப்டாப்பை மூடிவிட்டு மறுபடி ஸ்க்ராட்ச்சுக்கே போனாள். அதைப் பார்த்தபிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். மொழியில் ஒரு குறையும் இல்லை. இரண்டு எண்களைக் கூட்டி விடையைக் காட்டும் பயிற்சியை நான் அவள் முன்னால் வைத்ததுதான் கோளாறு. பூனையை ஓடவிட்டு, சத்தம் போடவைத்து, தோழிகளுக்கு அனுப்பி விளையாடச் சொன்னவளுக்கு அது எப்படிப் பிடிக்கும்?

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். அவள் ஸ்க்ராட்ச்சில் கடைசியாகச் செய்த ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, அதையே ஆறு கருவிகளில் செய்து பார்த்தேன். ஆட்டம் எளியதுதான். மேலிருந்து ஆப்பிள் விழும். கீழே கூடையை நகர்த்திப் பிடிக்க வேண்டும். பிடித்தால் ஒரு புள்ளி. தான் ஏற்கெனவே செய்த ஒன்றைப் புதுக் கருவியில் மறுபடி செய்து முடிக்க ஒரு பிள்ளைக்கு ஒரு சாயங்காலம் போதுமா என்பதுதான் என் அளவுகோல். புது மொழி, புது யோசனை இரண்டையும் ஒரே நாளில் தலையில் ஏற்றினால் பிள்ளை திணறிப்போகும். யோசனை பழசாக இருந்தால் மொழியை மட்டும் கவனித்தால் போதும்.

முதலில், ஸ்க்ராட்ச் முடிந்துவிட்டதா?

எம்ஐடி மீடியா லேப் 2007-ல் வெளியிட்ட ஸ்க்ராட்ச், 8 முதல் 16 வயது வரை உள்ளவர்களை மனதில் வைத்துச் செய்தது. 11 வயதானதும் அதை விட்டுவிட வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் லிஸ்ட்டைத் தொடாத, சொந்த பிளாக் ஒன்றுகூடச் செய்து பார்க்காத பிள்ளைக்கு அங்கேயே இன்னும் பல மாத வேலை இருக்கிறது.

கிளம்ப வேண்டிய நேரம் எது என்பதைப் பிள்ளையின் புலம்பல்களே சொல்லிவிடும். ஸ்க்ராட்ச்சில் நாமே செய்யும் பிளாக், விடை எதையும் திருப்பித் தராது. "இரண்டு எண்ணில் எது பெரியது" என்று ஒரு பிளாக் செய்தால், விடையை ஒரு வேரியபிளில் (மதிப்பைச் சேமிக்கும் பெட்டி) போட்டுவைத்து அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். லிஸ்ட்டுக்குள் இன்னொரு லிஸ்ட் வைக்க முடியாது. ஒரு உருவத்தின் நகல்களான குளோன்கள் 300-க்கு மேல் போகாது. "ஒரே ஸ்கிரிப்டை எத்தனை ஸ்ப்ரைட்டுக்குத்தான் (திரையில் நகரும் உருவம்) காப்பி பண்றது?" என்று பிள்ளையே அலுத்துக்கொண்டால், சரி, நேரம் வந்துவிட்டது.

டைப்பிங் பற்றியும் ஒரு வார்த்தை. பிளாக்கில் என்னென்ன செய்ய முடியும் என்பது கண்முன்னே அடுக்கி வைத்திருக்கும், பார்த்து எடுத்துக்கொள்ளலாம். எழுத்து மொழியில் எல்லாவற்றையும் நினைவிலிருந்து எடுத்து, எழுத்துப்பிழை இல்லாமல் அடிக்க வேண்டும். கீபோர்டில் எழுத்தைத் தேடித் தேடி அடிக்கும் பிள்ளைக்கு லாஜிக் வருவதற்குள் கை சோர்ந்துவிடும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஹெடி என்ற மொழி நல்ல துணை. ஃபெலியன் ஹெர்மன்ஸ் 2020-ல் வெளியிட்டது. முதல் நிலையில் மேற்கோள் குறிகூடத் தேவையில்லை. ஒவ்வொரு நிலையிலும் ஒரு புது இலக்கணம் சேர்ந்து, கடைசியில் பைதானில் கொண்டுபோய் விடும்.

பிளாக்கை விடாமல் மேலே போக

ஸ்னாப் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பிரையன் ஹார்வியும் யென்ஸ் மோனிக்கும் உருவாக்கியது. பார்த்தால் ஸ்க்ராட்ச்சின் அண்ணன் மாதிரி இருக்கும். கூடை-ஆப்பிள் ஆட்டம் அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது, புதிதாகக் கற்க எதுவுமே வரவில்லை. ஆனால் மேலே சொன்ன குறைகள் எல்லாம் இங்கே தீர்ந்துவிடுகின்றன. பிளாக் விடை தரும், லிஸ்ட்டுக்குள் லிஸ்ட் போகும். கணக்கில் ஆர்வமுள்ள, டைப்பிங் இன்னும் கைவராத பிள்ளைக்கு இதைத் தயங்காமல் கொடுக்கலாம். ஆட்டம் செய்ய மட்டும் ஆசைப்படும் பிள்ளை "இது அதேதானே" என்று சொல்லிவிடும்.

அந்தப் பிள்ளைக்கு மைக்ரோசாஃப்டின் மேக்கோடு ஆர்கேட். திரை 160-க்கு 120 புள்ளிகள்தான், நிறங்கள் 16-தான். பழைய கைவிளையாட்டு மெஷின் மாதிரி இருக்கும், ஆனால் அந்தச் சின்னத் திரையே ஒரு வசதி. படம் வரைய மணிக்கணக்கு ஆகாது. கூடையை நகர்த்த ஒரே பிளாக், ஆப்பிளுக்கு வேகம் கொடுக்க ஒரு பிளாக், இரண்டும் மோதினால் என்ன நடக்க வேண்டும் என்பதற்கு ஒரு பிளாக். நான் பார்த்த ஆறில் இந்த ஆட்டம் மிக வேகமாக உருவானது இங்கேதான்.

மேலே ஒரு பட்டனைத் தட்டினால் அதே நிரல் ஜாவாஸ்கிரிப்டாகவோ பைதானாகவோ தெரியும். எழுத்தில் ஒரு எண்ணை மாற்றிவிட்டு மறுபடி பிளாக்குக்கு வந்தால் அங்கேயும் மாறியிருக்கும். பிளாக்கும் எழுத்தும் ஒன்றுதான் என்பதைப் பிள்ளை தன் கண்ணால் பார்ப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பிளாக்காக மாற்ற முடியாத வரியை மட்டும் சாம்பல் நிறக் கட்டமாகக் காட்டும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: இங்கே இருக்கும் பைதான் முழுப் பைதான் இல்லை. வேறெங்கோ பார்த்த பைதான் கோடை இங்கே ஒட்டினால் பெரும்பாலும் ஓடாது. அது தெரியாத பிள்ளை தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்ளும்.

மைக்ரோபிட் தனி ரகம். பிபிசி 2016-ல் பிரிட்டனின் 11, 12 வயது மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் இலவசமாகக் கொடுத்த சின்ன அட்டை. 25 சிவப்பு விளக்குகள், இரண்டு பட்டன், அசைவை உணரும் சென்சார். 2020-ல் வந்த இரண்டாம் பதிப்பில் ஸ்பீக்கரும் மைக்கும் சேர்ந்தன. நம் கூடை இங்கே கடைசி வரிசையில் ஒரு ஒளிப்புள்ளியாகச் சுருங்கிவிடும், ஆப்பிள் இன்னொரு புள்ளி. கேட்க ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் அட்டையைச் சாய்த்தால் கூடை நகர்வதைப் பார்க்கும் பிள்ளையின் முகம் வேறு மாதிரி ஆகிவிடும். பொம்மையைப் பிரித்துப் பார்க்கும் பிள்ளைக்கு மற்ற எதையும்விட இதுதான் பொருந்தும். அட்டை வாங்குமுன் மேக்கோடின் சிமுலேட்டரில் பிரவுசரிலேயே ஓட்டிப் பார்க்கலாம்.

பைதான், இந்த முறை சரியான துணைகளோடு

எழுத்து மொழிக்குத் தயாரான பிள்ளைக்கு என் பதில் இன்றும் பைதான்தான். ஆனால் எந்த எடிட்டர் (நிரலை எழுதி ஓட்டும் மென்பொருள்), எந்த லைப்ரரி (தயாராக எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பு) என்பதை நாம் தேர்ந்துகொடுக்க வேண்டும்.

எடிட்டர், தானி. எஸ்தோனியாவின் தார்து பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கற்பவர்களுக்கென்றே உருவானது. பைதான் உள்ளேயே வந்துவிடும், தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டாம். இதன் அருமை எனக்குப் புரிந்த சம்பவத்தைச் சொல்கிறேன். அக்கா மகள் எண் கண்டுபிடிக்கும் ஆட்டம் ஒன்றை எழுதினாள். ரகசிய எண் 7. அவளும் 7 என்றே அடிக்கிறாள், நிரல் "தப்பு" என்கிறது. எரர் எதுவும் இல்லை. பத்து நிமிஷம் திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள். தானியில் வேரியபிள்களைக் காட்டும் பலகையைத் திறந்தோம். ரகசிய எண் வெறும் 7, அவள் அடித்தது மேற்கோள் குறிக்குள் 7. "ஓ... இது எழுத்து, அது நம்பர்!" என்று அவளே சொன்னாள். ஸ்க்ராட்ச் இந்த வித்தியாசத்தைப் பிள்ளைக்குத் தெரியாமலே சமாளித்துவிடும். பைதான் சமாளிக்காது. அதனால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் எடிட்டர் தேவைப்படுகிறது. ஒவ்வொரு வரியாக, ஒரு வரிக்குள் ஒவ்வொரு துண்டாகக்கூட, நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்க்கவும் தானியில் வழி இருக்கிறது.

முதல் வாரத்துக்கு டர்டில். 1967-ல் பிறந்த லோகோ மொழியின் ஆமை இது; நாம் சொல்கிறபடி நகர்ந்து திரையில் கோடு வரையும், பைதானோடு சேர்ந்தே வருகிறது. ஸ்க்ராட்ச் மாதிரியே திரையின் நடுப்புள்ளிதான் பூஜ்யம், மேலே போனால் ஒய் (மேல்-கீழ் இடத்தைச் சொல்லும் எண்) கூடும். திசைதான் குழப்பும். ஸ்க்ராட்ச்சில் 0 என்றால் மேலே, டர்டிலில் 0 என்றால் வலப்பக்கம். அதற்கும் மருந்து உண்டு: முதல் வரியில் டர்டிலை லோகோ மோடுக்கு மாற்றிவிட்டால் ஸ்க்ராட்ச் மாதிரியே திரும்பும். இந்த ஒரு வரி தெரியாமல் சதுரம் கோணிப்போனதாக நினைத்து அழித்து அழித்துப் போட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆட்டத்துக்கு பைகேம் ஜீரோ. சாதாரண பைகேமில் ஜன்னல் திறப்பதற்கே பல வரிகள் எழுத வேண்டும். இங்கே வரைவதற்கு ஒரு ஃபங்ஷன் (பெயர் வைத்த நிரல் துண்டு), நகர்த்துவதற்கு ஒரு ஃபங்ஷன், அவ்வளவுதான். தானியில் பைகேம் ஜீரோ பேக்கேஜை ஒருமுறை இன்ஸ்டால் செய்து, பைகேம் ஜீரோ மோடை டிக் செய்துவிட்டால் போதும். கூடை-ஆப்பிள் ஆட்டம் ஒரு சாயங்காலத்தில் முடிந்தது, மூன்று இடங்களில் முட்டிக்கொண்டபிறகு.

முதலாவது, "மாமா, ஆப்பிள் மேல பறக்குது!" இங்கே பூஜ்யம் இடது மேல் மூலையில். கீழே விழ வேண்டுமென்றால் ஒய் கூட வேண்டும், அவள் பழக்கத்தில் குறைத்திருந்தாள். இரண்டாவது பெரியது. ஸ்க்ராட்ச்சில் ஒவ்வொரு ஸ்ப்ரைட்டும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும், ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு முடிவில்லா லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) இருக்கும். அந்தப் பழக்கத்தில் நகர்த்தும் ஃபங்ஷனுக்குள் அவள் அதே லூப்பைப் போட, ஜன்னல் அப்படியே உறைந்துபோனது. இங்கே அந்த ஃபங்ஷனையே பைகேம் ஜீரோ நொடிக்கு 60 முறை கூப்பிடுகிறது, அதுதான் லூப். ஸ்க்ராட்ச்சிலிருந்து வரும் பிள்ளைகள் எழுத்துப்பிழையைவிட அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான், யாரும் சொல்லிக்கொடுக்காததும் இதைத்தான். மூன்றாவது, ஆப்பிள் கூடையைத் தொடாமலே புள்ளி ஏறியது. ஸ்க்ராட்ச் படத்தின் உருவத்தைப் பார்த்து மோதலைக் கணிக்கும். இங்கே படத்தைச் சுற்றியுள்ள செவ்வகத்தைத்தான் பார்க்கும். படத்தின் ஓரத்தில் இருந்த காலி இடத்தை வெட்டியதும் சரியாகிவிட்டது.

இன்னும் இரண்டு

பி5 ஜேஎஸ் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. 2001-ல் தொடங்கிய பிராசஸிங்கின் வழியில் லாரன் மெக்கார்த்தி 2013-ல் ஆரம்பித்தது. பிரவுசரில் எடிட்டரைத் திறந்து இரண்டே ஃபங்ஷனோடு வேலை தொடங்கிவிடலாம், முடித்ததும் லிங்க்கை அனுப்பினால் தோழி தன் போனில் திறந்து பார்ப்பாள். இந்த ஒரு விஷயத்தில் பைதான் இதற்குக் கிட்டேயே வர முடியாது. ஸ்க்ராட்ச்சில் ஒரு பிள்ளையைப் பிடித்துவைத்ததில் பாதி, செய்ததைப் பகிர முடிந்ததுதான் என்பதால் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வரைவதில், நிறத்தில், அசைவில் ஆசை உள்ள பிள்ளைக்கு முதலில் இதையே கொடுப்பேன்.

ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் தப்பை மறைக்கும் மொழி. எழுத்தாக வந்த 7-உடன் 1-ஐக் கூட்டச் சொன்னால் பைதான் எரர் காட்டி நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் 71 என்று விடை தந்துவிட்டு மேலே போய்விடும். புள்ளி ஏன் திடீரென்று 71 ஆனது என்று தேடும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தால் நல்லது. மோதலைக் கண்டறியவும் தயாராக எதுவும் இல்லை, இரண்டு புள்ளிகளுக்கிடையே தூரத்தை அளந்து நாமேதான் முடிவு செய்ய வேண்டும்.

ராப்லாக்ஸ் ஸ்டூடியோவை நான் தேடிப் போகவில்லை, பிள்ளைகளே கேட்கிறார்கள். மொழி லுவாவ், 1993-ல் பிரேசிலில் பிறந்த லுவாவின் வழிவந்தது. லிஸ்ட் ஸ்க்ராட்ச் மாதிரியே 1-லிருந்து எண்ணப்படும், மற்றபடி ஒற்றுமை குறைவு. முப்பரிமாணத் திரை, எந்த ஸ்கிரிப்ட் சர்வரில் ஓடுகிறது, எது விளையாடுபவரின் கணினியில் ஓடுகிறது என்ற பிரிவினை, எல்லாம் முதல் நாளே வந்து நிற்கும். ஆப்பிள் கூடையை ஒருமுறை தொட்டால் புள்ளி ஏழெட்டு ஏறியது, ஏனென்றால் தொடும் நிகழ்வு பலமுறை எழும். அதைத் தடுக்க, முதல் தொடுகைக்குப் பின் சிறிது நேரம் மற்றவற்றைக் கண்டுகொள்ளாமல் விடும் டீபவுன்ஸ் என்ற உத்தியைக் கற்க வேண்டும். ஒரு சாயங்காலம் போதவில்லை, மூன்று ஆனது. விண்டோஸ் அல்லது மேக் வேண்டும், முன்பின் தெரியாதவர்களோடு பேச்சு வழி திறக்கும் இடம் என்பதால் அக்கவுன்ட் செட்டிங்கைப் பெரியவர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஏதாவது ஒரு எழுத்து மொழியில் ஆறு மாதம் கழித்த பிள்ளைக்கு என்றால் சம்மதம். ஸ்க்ராட்ச்சிலிருந்து நேராக இங்கே வருவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

அக்கா மகள் இப்போது பைகேம் ஜீரோவில் இருக்கிறாள். ஒரே ஆப்பிள் போய், லிஸ்ட்டில் பத்து ஆப்பிள் ஆகிவிட்டது. போன வாரம் புதுப் பிரச்சினை: இரண்டு ஆப்பிள் ஒன்றாகத் தரையைத் தொட்டால் ஒன்றுதான் மறைகிறது. அந்தச் சில வரிகளை மட்டும் தனி ஃபைலில் எடுத்து, ஆப்பிள்களுக்குப் பதிலாக 400, 400, 120 என்று மூன்று எண்களைப் போட்டு, 400 வந்தால் லிஸ்ட்டிலிருந்து நீக்கு என்று எழுதி, தானியில் ஒவ்வொரு வரியாக ஓட்டினோம். முதல் 400 நீங்கியது. மற்றவை ஒரு இடம் முன்னால் நகர்ந்தன. லூப் இரண்டாம் இடத்துக்குப் போனது, அங்கே இருந்தது 120. "நடுவுல இருந்த 400-ஐத் தாண்டிப் போயிடுச்சு மாமா" என்று திரையில் விரல் வைத்துக் காட்டினாள்.