மூன்று அளவுகோல்களும் ஒரு மரப்பெட்டியும்

பெங்களூரில் ஓர் அரசு மருத்துவமனையின் பண்டகசாலை. புது எக்ஸ்ரே கருவி வந்த மரப்பெட்டி பிரிக்கப்படாமல் சுவரோரம் நிற்கிறது. அதன்மேல் டீ டம்ளர் வைத்து எடுத்த வட்டத் தடங்கள். இருப்புப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்பவர் தர்மபுரிக்காரர். நான் தமிழில் பேசியதும் பதிவேட்டை என் பக்கம் திருப்பிவைத்தார். வந்த தேதி இருக்கிறது, நிறுவிய தேதிக்கான கட்டம் காலி. "ஏழு மாதம் ஆகிறது சார், மும்முனை மின்சாரம் இன்னும் வரவில்லை" என்றார். மாடியில் இருந்த திட்ட அறிக்கையில் இதே கொள்முதல் 'முடிந்தது'.

அறிக்கையும் பொய்யில்லை. வாங்குகிறவர்களின் வேலை முடிந்துவிட்டது. மின் இணைப்பு வேறொரு துறை, கருவியை இயக்கும் பணியிடம் இன்னொரு கோப்பு. ஒரு பொது மருத்துவமனையின் திட்ட மேலாண்மைத் திறனை அளக்கப் பல முறைகள் இருக்கின்றன. நான் எல்லாவற்றிடமும் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பெட்டி உன் கண்ணில் படுமா?

பிரிட்டிஷ் அரசின் கொள்முதல் அலுவலகத்தில் பிறந்த பி3எம்3 என்ற அளவுகோலின் கண்ணில் அது படும். தனித் திட்டம், ஒரே நோக்குள்ள திட்டங்களின் தொகுப்பு, நிறுவனத்தின் ஒட்டுமொத்தத் திட்டங்கள் என்று மூன்றையும் இந்த அளவுகோல் பிரித்துப் பார்க்கிறது. கருவி ஒரு திட்டம். கருவி, மின்சாரம், அறை, ஆள் நான்கும் சேர்ந்தது தொகுப்பு. நம் மருத்துவமனைகள் வழுக்குவது இந்த இடத்தில்தான். நிதி, இடர், வளம், பலன் உள்ளிட்ட ஏழு கோணங்கள், ஐந்து முதிர்ச்சி நிலைகள். எல்லாவற்றிலும் தாழ்ந்த கோணமே மொத்த நிலையைத் தீர்மானிக்கும் என்ற விதி எனக்கு மிகவும் பிடித்தது. பானையில் ஓட்டை இருக்கும் மட்டம் வரைதானே தண்ணீர் நிற்கும்?

அதன் குறை, சுயமதிப்பீடாக நடக்கும்போது வினாத்தாளை மாடியில் இருப்பவர்களே நிரப்பிவிடுவது. 'மூன்றாம் நிலை வாங்கிவிட்டோம்' என்று பரீட்சை மதிப்பெண்போலச் சொல்லிக்கொள்வதையும் கேட்டிருக்கிறேன்.

அமெரிக்கத் திட்ட மேலாண்மைக் கழகம் 2003-இல் வெளியிட்ட ஓபிஎம்3 என்ற இரண்டாவது அளவுகோல் நூற்றுக்கணக்கான நற்செயல்முறைகளை அடுக்குகிறது. தனித் திட்ட அலுவலகம் வைத்திருக்கும் மென்பொருள் நிறுவனத்துக்குப் பொருந்தலாம். காலையில் அறுவை சிகிச்சை, மாலையில் டெண்டர் கோப்பு என்று ஓடும் கண்காணிப்பாளருக்கு அதைப் படிக்கவே நேரமிருக்காது.

மூன்றாவது, நம் மத்திய சுகாதார அமைச்சகம் 2013-இல் கொண்டுவந்த தேசியத் தர உறுதித் தரநிலைகள். எட்டுப் பிரிவுகள், ஒவ்வொரு அம்சத்துக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண், சான்றிதழ் பெற 70 சதவீதமாவது தேவை. இது திட்டங்களை அளக்க வந்ததே அல்ல. எக்ஸ்ரே சேவை இல்லை என்று குறித்துக்கொள்ளும், ஏன் இல்லை என்று துருவாது. ஆனால் நேரில் பார், ஊழியரைக் கேள், பதிவேட்டைப் புரட்டு, நோயாளியிடம் பேசு என்ற அதன் முறை பண்டகசாலை வரை இறங்கிவரும். செவிலியர்களுக்கும் பழகிய முறை.

கீழே இருப்பவர்களைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? இங்கிலாந்தின் தேசியச் சுகாதாரச் சேவைக்காக 2002-இல் தொடங்கிய மாபெரும் கணினித் திட்டத்தைக் கலைப்பதாக 2011-இல் அந்நாட்டு அரசு அறிவித்தது. ஒப்பந்தங்கள் மேலிடத்தில் முடிவாயின. அன்றாடம் அதைக் கையாள வேண்டிய மருத்துவர்களின் பேச்சு போதிய அளவு எடுபடவில்லை. பணமும் வல்லுநர்களும் இருந்த இடத்திலேயே இந்தக் கதி.

அதனால் என் தேர்வு ஒரு கலப்பு: கேள்விகள் பி3எம்3-இலிருந்து, கேட்கும் விதம் நம் தரநிலைகளிலிருந்து. 'முடிந்தது' என்று எழுதப்பட்ட மூன்று திட்டங்களை எடுத்து, வார்டில் தொடங்கி அனுமதி ஆணை வரை பின்னோக்கி நடப்பேன். முதலில் பதிவேட்டுக்காரர், கடைசியில் கண்காணிப்பாளர். நாளைக்கே அவருக்கு மாறுதல் உத்தரவு வந்தால், அடுத்து வருபவர் கோப்பைப் பார்த்தே வேலையைத் தொடர முடியுமா என்றும் பார்ப்பேன். வாய்வார்த்தைக்கு மதிப்பெண் கிடையாது.

அந்த மருத்துவமனையில் இப்படிச் செய்தபோது நிதி மேலாண்மைக்கு 2 கொடுத்தோம். ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது இருந்தது. பலனுக்கு 0. கண்காணிப்பாளர் மறுத்துப் பேசவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அந்தப் பெட்டி எந்த அறையில் இருக்கிறது?" என்று கேட்டார்.